ஒற்று

ஊலு நகரில் அக்டோபரிலேயே பனி.
குளிர்கால டயருக்கு நாள் குறிக்க
கடைப் பலகையில் கண்ட முகவரியைத் திறந்தாள் கெர்த்து.
வந்து நின்றது அவளே எழுதிய பக்கம்:
"சர்வர் நிறுவப்பட்டது. இந்தப் பக்கதை நீக்கிவிடலாம்."

பக்கதை.

ஆறு வருடம் முன்பு, இரவு மூன்று மணி.
சார்புகளை எண்ணி, உரிமங்களைச் சலித்து,
அமைப்புக் கோப்பு எந்த அடைவில் என்று
முகம் தெரியாத பிரேசில்காரனோடு மல்லுக்கட்டி
பொதியைக் கட்டி முடிச்சிட்ட அசதியில்
நழுவிய புள்ளியெழுத்து.
மறுவாரமே திருத்தி அனுப்பினாள்.
உலகம் ஏற்றிக்கொண்டது;
இந்தக் கடை தவிர.

போன் செய்தாள்.
"டயரா?" என்றார் ஹெய்மோ.
"நாலு. அப்புறம் உங்கள் சர்வர்
ஆறு குளிர்காலமாய்
கோடை டயரில் ஓடுகிறது."

அங்கே ஏதோ ஸ்பேனர் விழுந்த சத்தம்.

"வியாழன் காலியாக இருக்கு.
ரெண்டையும் சேர்த்தே பார்த்துடலாமா?"