ஒற்று நீக்கி

பனமரத்துப்பட்டி சேகோ ஆலையிலிருந்து
மாதேஸ்வரி பேசினாள்:
"பாதியில நிறுத்திட்டேங்க."
ஏன்?
"எல்லா வரியும் கோணலா எறங்குச்சு.
எங்க மில்லுல மூட்டை இப்படிச் சாஞ்சிருந்தா
கிட்டயே போக மாட்டோம்."

உடைந்தது எதுவுமில்லை.
எடைமேடைக்கான நிரல், ஆறு பொதிகள்.
பொதியின் பெயர், கொஞ்சம் வெற்றிடம்,
பிறகு 'முடிந்தது'.
அந்த முடிந்ததுகள்தான்
ஐந்து ரோடு சிக்னலில் ஸ்கூட்டர்கள் போலக்
கோட்டைத் தாண்டியும் தாண்டாமலும் நின்றன.

செவ்வாய்ப்பேட்டை, வெல்ல மண்டிக்கு மேலே என் அறை.
இரவு பதினொன்று. ஈக்கள் அடங்கிவிட்டன.
எண்ணினேன்.
எடைக்கருவி: என் கண்ணுக்கு ஆறு,
நிரலுக்குப் பத்து.
கொம்புக்கு ஒன்று, சுழிக்கு ஒன்று,
தலைமேல் உட்கார்ந்த புள்ளிக்கும் ஒன்று.
தோளில் இருக்கும் குழந்தைக்கும்
டிக்கெட் கிழிக்கும் நடத்துநர்.

கட்டளைக் கலித்துறை கட்டியவர்கள்
ஒற்றை நீக்கித்தான் எண்ணுவார்கள்.
நேரில் தொடங்கினால் அடிக்குப் பதினாறு,
நிரையில் பதினேழு.
அவர்களுக்குச் சரி. காதுக்கு எழுதினார்கள்.
எனக்கோ 'க்' இடத்தை அடைக்கிறது,
அதன் புள்ளி அடைப்பதில்லை.

புள்ளிகளை இறக்கிவிட்டேன், கொம்புகளையும்.
ஆறு இப்போது ஆறுதான்.
ஓட்டிப் பார்த்தால், அதே கோணல்.
'ணை' கால் நீட்டிப் படுத்திருக்கிறது,
'ர' ஒண்டி நிற்கிறது.
திரைக்கு இலக்கணம் தெரியாது,
அகலம் மட்டும்தான்.

ஞாயிறு, ஏற்காடு பேருந்து.
மேலே ஒரு காபிக் கிடங்கில் இதே நிரலை ஏற்ற வேண்டும்.
கொண்டை ஊசி வளைவு 7/20.
8/20.
ஒன்பது முடிந்து பத்து வரும்போது
எண் இடப்பக்கம் ஒரு கட்டம் வளர வேண்டும்;
அதை மட்டும் முன்பே சரியாகச் செய்திருந்தேன்,
யாரும் பாராட்டவில்லை.

பதினான்கில், இறங்கும் லாரிக்காக
ஓட்டுநர் ஒதுங்கினார்.
ஜன்னலுக்கு நேரே பலகை.
முதலில் எண், அதற்கப்புறம் சாலை
எப்படி வேண்டுமானாலும் வளைந்துகொள்கிறது.
பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.
பக்கத்து இருக்கையில் ரூஃபினா
வாந்திக்கு எலுமிச்சையை முகர்ந்தபடி சொன்னாள்:
"முடிஞ்சதை முன்னாடி போடேன்டி."

போட்டேன்.
இடது ஓரத்தில் ஒரு சிறு குறி,
மூன்று கட்டத்தில் எண்,
கடைசியில் பெயர்.
பெயர் எவ்வளவு நீண்டால் என்ன,
அதற்கு வலப்பக்கம் வெறும் இருட்டு.
எழுத்தெண்ணும் நாற்பது வரிகளை
அழித்தேன். மூன்று இரவுகளின் வேலை.
அழிக்கக் கொஞ்சம் வலித்தது.

திங்கள் காலை மாதேஸ்வரி:
"எறங்கிருச்சுங்க."
வரிசையைப் பற்றி ஒரு சொல் இல்லை.
பின்னால் சல்லடை ஆடும் சத்தம்.
"எழுபத்திமூணுலயே அவ்வளவு நேரம் நின்னுச்சே?"
அங்கேதான் பெரிய பொதி இருக்கிறது என்றேன்.
"அதை அங்கயே எழுதிருக்கலாமில்ல?"