ஐந்தடிக் கட்டில்

வரைபடத்தில் கட்டில் ஐந்தடி நீளம்.
வரைந்தவன் நான்.
ஆறடி போட்டால் கதவு திறக்காது.
சோபாவும் அப்படியே மெலிந்தது.
சாப்பாட்டு மேசை இரண்டு பேருக்கு,
ஒருவர் கையெடுத்தபின் மற்றவர் கைவைத்தால்.

யன்னல் இல்லாத மூலைக்கு
விற்பனைப் பிரிவு 'டென்' என்று பேர் வைத்தது.
ஐந்தடிக்கு நாலரை.
தமிழில் ஒரு சொல் தேடிப் பார்த்தேன்.
குகை என்றால் கரடி கோபிக்கும்.
பெட்டகம் என்றால்
உள்ளே ஏதாவது இருக்கவேண்டும்.

இந்தக் கொண்டோவில் நாலாம் மாடி இல்லை.
பதின்மூன்று, பதினாலு இல்லை.
இருபத்துநாலு, முப்பத்துநாலு, நாற்பத்துநாலும் இல்லை.
லிஃப்டின் பொத்தான்கள்
பல் விழுந்த பிள்ளைபோலச் சிரிக்கும்.
நாற்பத்தொன்பது என்று விற்பதில்
ஆறு மாடி வெறும் காற்று.
எட்டு சனியின் எண் என்று சொல்ல
எங்களை யாரும் கூப்பிடவில்லை.
எட்டாம் மாடியில்
உடற்பயிற்சிக் கூடம் வருகிறது.

மார்ச் இருபத்தொன்று, காலை ஒன்பது பதினெட்டு.
ரொறன்ரோ மாநகரம் நிழலை அளக்கச் சொல்லும் நேரம்.
ஏன் அந்தப் பதினெட்டு என்றேன்.
சூரியனைக் கேள் என்றார் மேலாளர்.
சாம்பல் நிறத்தை ஊற்றினேன்.
அது ரிச்மண்ட் தெருவைக் கடந்து,
நாய்கள் ஓடும் புல்லைக் கடந்து,
ஒரு பள்ளியின் ஊஞ்சலில் போய் உட்கார்ந்தது.
பத்துப் பதினெட்டுக்கு எழும்பிப் போனது.
'ஏற்கத்தக்கது' என்று எழுதினேன்.
அந்த ஒரு மணித்தியாலம்
ஊஞ்சலின் சங்கிலி எப்படிக் குளிரும் என்று எழுத
அந்தக் கட்டத்தில் இடமில்லை.
கோபுர நிழல் தரையில் விழாது என்று
கதைவிடுகிறவர்களில் ஒருவரை
எங்கள் நிறுவனம் உடனே வேலைக்கு எடுக்கும்.

சனிக்கிழமை ஆள் குறைவென்று
விற்பனைக் கூடத்தில் என்னையும் நிற்கவைத்தார்கள்.
கண்ணாடிப் பெட்டிக்குள் கட்டடம்.
அதன் வாசலில் நகத்தளவு மனிதர்கள்,
எல்லார் கையிலும் கோப்பி.
ஒருவர்கூட அரிசி மூட்டை தூக்கவில்லை.

தவயோகன் வந்தார்.
மொன்றியலுக்கு இரவு லொறி ஓட்டுகிறவர்.
பளிங்குத் துண்டை நீட்டிய பெண்ணைத் தாண்டி
வரைபடத்தின்மேல் குனிந்தார்.
"தம்பி, நான் ஆறடி ஒண்டு.
உந்தக் கட்டிலிலை என்ரை கால் எங்கை?"

நான் தொண்டையைச் செருமினேன்.

"சரி விடும். வெளிச்சம் வராத அறை எது?"
மெதுவாக மூலையைக் காட்டினேன்.
"அதுதான் வேணும். பகலிலைதானே படுக்கிறனான்.
இப்ப இருக்கிற இடத்திலை
யன்னலுக்குத் தகரத்தாள் ஒட்டிவைச்சிருக்கிறன்.
கீழ்வீட்டுக்காரன் பொலிசுக்கு அடிச்சிட்டான்."

ஜாக்கெட்டிலிருந்து அளவுநாடா வந்தது.
விரிப்பின்மேல் ஐந்தடி, நாலரை.
ஒரு முனையை நான் பிடித்தேன்.
நேராகப் படுத்தார், கால் வெளியே.
திரும்பினார், தலை வெளியே.
பிறகு மூலைக்கு மூலை சரிந்தார்.
அடங்கினார்.
சப்பாத்துக்கு அப்பால் நாலு விரல் மிச்சம்.

கண்ணை மூடினார்.
பளிங்குத் துண்டோடு அந்தப் பெண் நின்றாள்.
எங்கோ குளிரூட்டி இரைந்தது.
அவர் மூச்சு நீண்டபோது
எழுப்புவதா வேண்டாமா என்று
எனக்குத் தெரியவில்லை.

அவர் வாங்கவில்லை.
மாதக் கட்டணத்தைக் கேட்டதும்
நாடா சடாரென்று சுருண்டது.
"நல்லாத்தான் கீறியிருக்கிறீர்" என்றார்.
அதை எந்தப் பக்கம் எடுப்பதென்று
ஸ்பதைனா வரை நடந்தும் பிடிபடவில்லை.

திங்கட்கிழமை கோப்பைத் திறந்தேன்.
திரையில் மட்டும் தெரிந்து
அச்சில் வராத லேயர் ஒன்று உண்டு.
அதில், நாற்பத்தொன்பதாம் மாடி, இலக்கம் ஏழு,
யன்னலில்லாத மூலையில்
ஆறடி ஒன்று உயரமான ஒருவர்
குறுக்காகப் படுத்திருக்கிறார்.
அளவு சரி.
ஒன்றுக்கு ஐம்பது.