ஷவுட்

டண்டினொங் கோழித் தொழிற்சாலையில்
என் முதல் வெள்ளி.
கையுறை கழற்றும்போது
"இன்றைக்கு என் ஷவுட்" என்றாள் க்ளெண்டா.
இரண்டடி பின்னால் தள்ளி நின்றேன்.
கத்தப் போகிறாள் என்றால்
அன்று பிந்தி வந்தவள் நான்தானே.

அவள் கத்தவில்லை.
அட்டையை மெஷினில் தொட்டாள்.
ஏழு பேருக்கும் கோப்பி வந்தது.

இரவு கொப்பியில் எழுதினேன்:
ஷவுட் – எல்லாருக்குமாகக் காசு கொடுப்பது,
சத்தம் போடாமல்.
அதற்கு மேல்வரியில் டிக்ளைன்ட்.
அதற்குப் பொருள் எழுதியிருக்கவில்லை.
பின்னால் ஐந்து பேர் வரிசையில் நிற்க
டயப்பர் பெட்டியைத் திரும்பக் கொண்டுபோய்
தட்டில் வைத்துவிட்டு வந்தவளுக்கு
பொருள் எதற்கு?

அடுத்த ஆறு வெள்ளியும் ஒளித்தேன்.
பஸ் போய்விடும். மகனுக்குக் காய்ச்சல்.
பல் நோகுது, சூடு குடிக்கக்கூடாது.
கைமாற்று வாங்கினவன்
சந்தைப் பக்கம் தலைகாட்டாத மாதிரி.

எட்டாவது வெள்ளி
சேவிங்ஸில் நாற்பத்தொன்று எழுபது.
ஏழு கோப்பி முப்பத்தெட்டு ஐம்பது.
மூன்றுதரம் கூட்டிப் பார்த்துவிட்டு
வாயைத் திறந்தேன்.
"என்ன?" என்றாள் க்ளெண்டா.
மெஷின் சத்தத்தில் கேட்கவில்லையாம்.
"மை ஷவுட்!"
கோழி தொங்கும் கொக்கிகள் வரைக்கும் கேட்டிருக்கும்.
எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அட்டையைத் தொட்டேன்.
மெஷின் யோசித்தது.
யோசித்தது.
பிறகு ஒரு பச்சைச் சரி.

ரசீது வேணுமா என்றான் பெடியன்.
வேணும்.

மிச்சம் மூன்று இருபது, பஸ்ஸுக்குக் காணாது.
பெரிய ரோட்டால நடந்தேன்,
சப்பாத்தில் ஒட்டின இறகைத் தட்டாமலே.