தவணை தவறிய வண்டி

காரிமங்கலம் பைனான்ஸ் யார்டில் எடுத்த வண்டி.
ஆர்சி புத்தகத்தில் பழைய பேர் மாதப்பன்.
முன்கண்ணாடியில், நட்ட நடுவே,
மஞ்சள் எழுத்தில்
தர்ஷிகா.

பெட்ரோல் தொட்டுத் துடை என்றார்
பெயின்ட் கடை ரஹ்மத்துல்லா.
பிளாஸ்டிக் கஞ்சித் தண்ணியாகிவிடும்.
என் மச்சினன் வண்டி அப்படித்தான் குருடானது.
பிளேடும் ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை.
வெந்நீரில் முக்கிய பழைய பனியனை
காய்ச்சல் நெற்றிக்குப் போடுவதுபோல் போட்டு
பத்து நிமிஷம் விட்டேன்.
நகத்தால் ஓரம் தேடினேன்.

கா முழுசாக வந்தது.
ஷி கிழிந்து, கொக்கி மட்டும் தங்கியது.
தேங்காய் எண்ணெய், கட்டைவிரல்,
வட்டம் வட்டமாக.
பசை திரண்டு
எறும்பு முட்டையாய் உதிர்ந்தது.
ர் தன் புள்ளியை விட்டுவிட்டுப் போனது.
சோறு ஆறிவிட்டது.
"யாரு பெத்த பொண்ணோ" என்று
தட்டை மூடிவிட்டுப் போனாள் கிரிஜா.

ஒரு கீறல் இல்லை.
ஷாம்பு போட்டுக் கழுவி
எதிரே குனிந்து பார்த்தேன்.
என் முகம்தான் இருந்தது.

திங்கள் சாயங்காலம்
மாங்கூழ் ஆலை விட்டு, கிருஷ்ணகிரி தாண்டி
ராயக்கோட்டை ரோட்டில் மேற்கே போகிறேன்.
சூரியன் நேர் எதிரே.
எத்தனையோ வருஷ வெயிலில்
பழுப்பேறிய கண்ணாடி,
ஸ்டிக்கர் மூடிக் காத்த இடம் மட்டும்
பழுக்காமல்,
ஷோரூமில் எடுத்த அன்றைக்குப் போலவே,
உள்ளேயிருந்து பார்க்கும் எனக்கு
இடம் வலம் மாறி
தர்ஷிகா.

அந்த எழுத்துகளின் அகலத்துக்கு
ரோடு நன்றாகத் தெரிந்தது.