கடைசி இருபது நிமிடம்

அல்சூரில் மூடிப்போன தையல் பள்ளியின் மூன்றாவது மாடி.
வெள்ளிதோறும் எட்டே முக்காலுக்குப் படம்.
திரை என்பது ஓர் இரட்டைக் கட்டில் விரிப்பு,
இடது ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி சுட்ட முக்கோணம்.
எல்லா நாயகிகளும் ஒருமுறையாவது
அதைக் கன்னத்தில் வாங்கிக்கொண்டார்கள்.

புரொஜக்டர் தேவகடாட்சம் அண்ணனுடையது.
மற்ற நாட்களில் கல்யாண மண்டபங்களில்
மாப்பிள்ளையின் குழந்தைப் படங்களைக் காட்டும்.
எங்களுக்கு அது காட்டியது
கராத்தே தெரிந்த கன்னியாஸ்திரிகளை,
ஊரைத் தின்னும் ரப்பர் கையுறைகளை,
லிஃப்டை விட்டு இறங்காத ஒரு பேயை.
"நல்ல படம் யார் வேணா எடுப்பான்" என்பார் அண்ணன்.
"இவ்ளோ மோசமா எடுக்கத்தான் நம்பிக்கை வேணும்."

மரியபுஷ்பம் வாசலோரம் உட்காருவாள்.
கே.ஆர்.புரத்தில் டயாலிசிஸ் பிரிவு, இரவுப் பணி.
பத்தரைக்கு அவள் மடியில் போன் அதிரும்.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்குவாள்,
கொலைகாரன் யாரென்று தெரியாமலே
மெட்ரோ பிடிக்க.

முடிவு? என்று செய்தி வரும்.
நான் தட்டச்சுவேன்.
ஜனவரி, பிப்ரவரி முழுக்க யோக்கியன்தான்.

மார்ச்சில் ஒரு கலங்கரை விளக்கப் படம்
எழுபதாவது நிமிடத்தில் உறைந்துபோனது.
கோப்பே அவ்வளவுதானாம்.
படகில் போனவன் கடலிலேயே நிற்கிறான்.
அண்ணன் கருவியின் முதுகில் ரெண்டு தட்டு தட்டிப் பார்த்தார்.
வாட்ச்மேன் 'சாக்கு சாக்கு' என்று மெயினை அணைத்துவிட்டார்.

இருட்டில் எழுதினேன்:
படகு திரும்பி வந்தது. மீனோடு.

பதிலுக்கு ஒரே சொல்: அப்பாடா.

அந்த அப்பாடாதான் என்னைக் கெடுத்தது.
அப்புறம் நான் செத்தவர்களை எழுப்பினேன்.
கன்னியாஸ்திரிகளுக்குப் பென்ஷன் வாங்கிக் கொடுத்தேன்.
பேயை லிஃப்டிலிருந்து இறக்கி
தரைத்தளத்தில் பெட்டிக்கடை வைத்துத் தந்தேன்.
வாழைப்பழத் தார், பபிள்கம், ரீசார்ஜ்.

ஆகஸ்டில் மழை. "கொஞ்சம் நெஜமும் பாப்போம்" என்றார் அண்ணன்.
ஆவணப்படங்கள்.
ஒன்றில் கல் குவாரி. நெஞ்சில் தூசி இறங்கிய ஆட்கள்.
பச்சைச் சட்டைக்காரர் ஒருவர்
இருமி முடித்ததும் ஒவ்வொரு முறையும் சிரிப்பார்,
கேமராவிடம் மன்னிப்புக் கேட்பதுபோல.
பத்தரைக்கு அவள் போனாள்.
பத்து முப்பத்தெட்டுக்கு
அதே சிரிப்பு சுவரில், மாலைக்குள்.

பச்சைச் சட்டை என்ன ஆனார்?

எழுதினேன், ஊருக்குப் போய்விட்டார் என்று.
அழித்தேன்.
ஆடு வாங்கினார் என்று எழுதினேன்.
அழித்தேன்.
யாரோ எழுதிய ஆள் இல்லை அவர்,
எங்கேயோ ஒரு ரேஷன் கார்டில் இன்னும் பெயர் இருக்கும்.
பதினொன்றே முக்கால் ஆகிவிட்டது.
இந்நேரம் யாருக்கோ ஊசி ஏற்றிக்கொண்டிருப்பாள்.
ஒன்றும் அனுப்பவில்லை.

விடியற்காலை அவளே அனுப்பினாள்:
புரிஞ்சுது.

அடுத்த இரண்டு வெள்ளி நான் போகவில்லை.

அக்டோபரில் அவளுக்கு ஒருநாள் விடுப்பு.
பார்த்து, உறுப்பினர் விருப்பமென்று
அன்றைக்கே மறுபடி அந்த லிஃப்ட் பேய்.
வேர்க்கடலைப் பொட்டலத்தோடு கடைசிவரை இருந்தாள்.
கதவு மூடுகிறது, பேய் உள்ளேயே நிற்கிறது, அவ்வளவுதான்,
எழுத்து ஓடத் தொடங்கிவிட்டது.

படியில் எனக்கு முன்னால் இறங்கினாள்.
இரண்டாவது மாடியில்,
ரவிக்கை அளவெடுக்கும் படம் கிழிந்து தொங்கும் சுவரருகில்
திரும்பிக் கேட்டாள்,
"பெட்டிக்கடை எங்கே?"

எனக்குக் காது சுட்டது.

"நீ அனுப்புறதெல்லாம் வார்டுல வாசிப்பேன்.
நாலு மணி நேரம் சும்மா படுத்திருக்கணுமே அவங்க.
ஆறாம் நம்பர் கட்டில் இன்னும் கேட்டுட்டே இருக்காரு."

என்னவாம்?

"பேய் கடன் குடுக்குமான்னு."

வருடக் கணக்கு என் நோட்டில் இருக்கிறது:
படம் முப்பத்தொன்பது, ஆவணப்படம் ஒன்பது,
பாதியில் நின்றது ஒன்று.
அந்தப் படியில் எவ்வளவு நேரம் நின்றேன் என்பது இல்லை.

குடுக்கும்னு சொல்லு, என்றேன்.
வெள்ளிக்கிழமை மட்டும் கிடையாது.