பாதிச் சிரிப்பு

நாலேமுக்கால். உட்லண்ட்ஸில் மழை பிடித்துக்கொண்டது.
கால்வாய் ஓரத்து உணரி
அக்கம்பக்கத்துப் பெட்டிகளிடம் கைமாற்றுக் கேட்கிறது:
நீர் ஏறும் வேகத்தைக் கணக்கிட
சொந்த மூளை போதவில்லையாம்.

புளோக் 518-இன் மின்தூக்கி சும்மாதான் நிற்கிறது,
எடுத்துக்கொள் என்றது.
சாலைச் சந்திப்பு விளக்கு பாதி கொடுத்தது,
ஆம்புலன்ஸ் வந்தால் அந்த நொடியே திருப்பித் தரவேண்டும்.

யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில்
என்று பட்டியல் எழுதியவள் நான்.
பேருந்து நிறுத்தத்து விளம்பரத் திரை கடைசி.
அதனிடம் கேட்கவில்லை. பிடுங்கிக்கொண்டோம்.

பற்பசைக்காரி பாதிச் சிரிப்பில் உறைந்து நிற்கிறாள்.
முதல் பேருந்துக்கு வந்த துப்புரவுத் தொழிலாளி
குடையை மடக்கவும் மறந்து
அவளையே பார்க்கிறார்,
ஏதோ சொல்ல வந்தாளோ என்று.

பொறுங்கள் ஐயா.
தண்ணீர் வடியட்டும்,
மீதிப் பல்லைத் தந்துவிடுகிறேன்.