ஒரு பக்கத்துக்கு மேற்படாமல்

வீரைமுறிப்பு. வாக்களிப்பு நிலையம் இலக்கம் பதினேழு.
தேர்தல் வரலாற்றை ஒரு பக்கத்துக்கு மேற்படாமல்
வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பும்படி
கச்சேரியிலிருந்து கடிதம்.

பழைய இடாப்புகள் இல்லை.
எரிந்தது என்று எழுதினால் எப்போது என்று கேட்பார்கள்.
கிடைக்கவில்லை என்று எழுதுகிறேன்.

காடு வெட்டி, வாய்க்கால் வெட்டி,
மூன்று ஏக்கர் வயல், முக்கால் ஏக்கர் மேட்டுக்காணி என்று
அளந்து கொடுத்தபோது இதற்குப் பெயர் யூனிட் ஆறு.
வாக்குப் பெட்டி உழவு இயந்திரத்தில்
விதைநெல் மூட்டைக்கு மேல் குந்தி வந்தது.
அறுபதில் மார்ச்சில் ஒருதரம், ஜூலையில் இன்னொருதரம்.
"போன முறை போட்டது துலைஞ்சு போச்சோ?"
என்று கேட்டாராம் எட்டாம் காணிக் கதிரித்தம்பி.

வேட்பாளர் யாரும் இந்த ஊரில் பிறந்தவரில்லை.
குறை சொல்ல ஏலாது.
வாக்காளரிலும் அப்போது
இந்த ஊரில் பிறந்தவர் ஒருவருமில்லை.

வாய்க்கால் கடைசியில் நாற்பது குடிசை.
மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள்.
களை பிடுங்கினார்கள், கதிர் அறுத்தார்கள்,
இடாப்பில் ஏறவில்லை.
எழுபத்தேழில் வெற்றிக்கு நாங்கள் கொளுத்திய சீனவெடியில்
அவர்கள் காசும் இருந்தது.

எண்பத்திரண்டு மார்கழியில்
ஆட்களுக்குப் பதிலாக விளக்கும் பானையும் நின்றன.
தேர்தல் வேண்டாம் என்பதற்கு ஒரு தேர்தல்.
நாங்கள் பானைக்குப் போட்டோம்.
விளக்கு வென்றது.
அடுத்த ஆடிக்குப் பிறகு
வாய்க்கால் கடைசியில் குடிசை நூற்றிருபது.

(அங்கம்மாளின் முதல் புள்ளடி ஐம்பத்தொன்பதாவது வயதில்.
பென்சிலைத் திருப்பித் தந்துவிட்டுக் கேட்டாள்:
"இம்புட்டுதானாங்க?")

பிறகு தொகுதி என்ற சொல்லுக்கு வேலை போனது.
மாவட்டம் வந்தது, விருப்பு இலக்கம் வந்தது.
பல தேர்தல்கள் எங்களைப் பற்றி நடந்தன,
எங்களிடம் நடக்கவில்லை.

இரண்டாயிரத்து ஐந்து.
எல்லைக்கு அந்தப் பக்கம் கொத்தணிச் சாவடியில்
எனக்கு முதல் கடமை.
காலை ஏழு மணிக்கு வெறும் பெட்டி என்று
எல்லோருக்கும் திறந்து காட்டினேன்.
பின்னேரம் நாலு மணிக்கும் அப்படியே காட்டியிருக்கலாம்.
மை போத்தலைத் திறக்கவேயில்லை.
அரக்கு உருக்கி, முத்திரை வைத்து,
பொலிஸ் காவலோடு அனுப்பினோம்.

பத்தாம் ஆண்டு, இலக்கம் பதினேழு ஒரு கூடாரம்.
பதியப்பட்டோர் ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு.
வாக்களித்தோர் எண்பத்தேழு.
மிகுதிக்கு எதிரே
காரணம் எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை.

திரும்பி வந்து நடந்த முதல் எண்ணிக்கையில்
ஒரு சீட்டு.
புள்ளடி இல்லை. குண்டு குண்டான எழுத்தில்,
சின்னங்களுக்குக் குறுக்கே:
மூன்றாம் மதகு உடைஞ்சு மூன்று போகம்.
நோக்கம் தெளிவில்லை, நிராகரிக்க என்றார் பெரியவர்.
ஆறு கட்சி முகவர்களும்
அன்றிரவு ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

அடுத்த தேர்தலிலும் அதே கை.
மூன்றாம் மதகு. பதின்மூன்று போகம்.
அதற்கடுத்ததில் கணக்கு இல்லை.
மதகு என்று மட்டும்.
யாருடைய எழுத்து என்று எனக்குத் தெரியும்.
வாக்கு இரகசியமானது, எழுதமாட்டேன்.

இம்முறை நிராகரித்தவை நாற்பத்தொன்று.
கட்டை அவிழ்த்து இரண்டு தரம் பார்த்தேன்.
அந்தச் சீட்டு இல்லை.
மறுநாள் சைக்கிளில் மூன்றாம் மதகுக்குப் போனேன்.
யாரோ உரப்பையில் மண் கட்டி அடுக்கியிருந்தார்கள்.
இடுக்கால் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

பெயர் நீக்கும் படிவம் எதுவும்
என் மேசைக்கு இன்னும் வரவில்லை.
பக்கம் முடிகிறது.